கடைசியா வந்த பிள்ளைக்கு ஒரு சாட்சி

(தலைப்பு: "பள்ளிப் பிள்ளைகளை ஓடியாட வைக்க இன்றைய மின்னணுக் கருவிகள் துணையா? தடையா?" 'துணையே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசிய உடற்கல்வி ஆசிரியரின் உரை.)

எதிரே கோட்டை கட்டி உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! 'பிள்ளைங்க அசையவே மாட்டேங்குது'ன்னு கவலைப்பட்டுக்கிட்டே, சாப்பாட்டுத் தட்டோட ரெண்டு மணி நேரமா அசையாம எங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கிற தொலைக்காட்சி நேயர்களே! (சிரிப்பு)

எனக்கு மேடை புதுசுங்க. 26 வருஷமா நான் பேசினதெல்லாம் விசில்லதான். ஒரு விசில் அடிச்சா ஓடணும், ரெண்டு அடிச்சா நிக்கணும். வீட்டுலயும் அதைப் பழக்கலாம்னு பார்த்தேன். இப்ப விசில் என் சம்சாரத்துக்கிட்ட இருக்கு. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அப்ப நான் மணி அடிச்சா நீங்க பழக்கத்துல நின்னுடுவீங்க. பேசுங்க, பேசுங்க!

நன்றி அய்யா. எதிரணியில் பேசிய வழக்கறிஞர் தம்பி சொன்னார்: "நாங்க சின்ன வயசுல கிட்டிப்புள் ஆடினோம், பம்பரம் விட்டோம், ஆத்துல குதிச்சோம். எங்களை எந்தக் கருவி வந்து ஓடுன்னு சொல்லுச்சு?" அப்படின்னார். நல்ல பேச்சு. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா தம்பி, ஒண்ணு கேக்கறேன். உங்க கிட்டிப்புள் ஆட்டத்துல எத்தனை பேர் ஆடினாங்க? ஒரு பத்துப் பேர். திண்ணையில உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பையன் ஒருத்தன் இருந்திருப்பானே, அவன் பேர் ஞாபகம் இருக்கா? இருக்காது. அந்தக் காலத்து விளையாட்டைப் பத்தி யார் பேசறா? நல்லா விளையாடினவன் பேசறான். திண்ணையில இருந்தவன் கதையைச் சொல்ல ஆள் கிடையாது. நான் இன்னைக்கு அந்தத் திண்ணைப் பையனுக்கு வக்கீலா வந்திருக்கேன். (கைதட்டல்)

முதல்ல நம்ம பள்ளிக்கூடத்து நிலவரம் என்னன்னு பார்ப்போம். பி.டி. பீரியடுன்னா என்ன? கணக்கு வாத்தியாரோட ரெண்டாவது பீரியடு! (பலத்த சிரிப்பு) சிரிக்கிறீங்க. என் வயித்தெரிச்சல் எனக்கு. அவர் வந்து, "சார், போர்ஷன் முடியலை, இன்னைக்கு மட்டும்"பார். 'இன்னைக்கு மட்டும்'னு அவர் சொல்லி 26 வருஷம் ஆச்சு.

சரி, தப்பிச்சு மைதானத்துக்கு வந்துட்டோம்னே வச்சுக்கங்க. 40 நிமிஷம். 50 பிள்ளைங்க. ஒரு வாலிபால். வரிசையில வர 5 நிமிஷம், வருகை எடுக்க 5 நிமிஷம், சுவருக்கு அந்தப் பக்கம் போன பந்தை எடுத்துட்டு வர 5 நிமிஷம். மிச்ச நேரத்துல 12 பேர் ஆடுவாங்க. மத்தவங்க வேப்பமரத்தடியில நிழல் எங்க நகருதோ அங்க நகருவாங்க. அன்னைக்கு அவங்க செய்த உடற்பயிற்சி அதுதான். (சிரிப்பு)

இப்ப என் குற்றத்தை ஒத்துக்கறேன். எதிரணிக்காரங்க குறிச்சுக்கலாம்.

2001-ஆம் வருஷம். வேலைக்கு வந்து ரெண்டு வருஷம். இளரத்தம். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு 600 மீட்டர் ஓட்டம். சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் தடம், மூணு சுத்து. முதல்ல வந்த பொண்ணுக்குக் கைதட்டினேன். ரெண்டாவது, மூணாவது, நாலாவது. எல்லாரும் வந்தாச்சு. ஒரே ஒரு பொண்ணு மட்டும் இன்னும் ஒரு சுத்து பாக்கி. குண்டும் இல்லை, ஒல்லியும் இல்லை, சாதாரணமான பொண்ணு. நடக்குதா ஓடுதான்னே தெரியலை. கையில ஸ்டாப்வாட்ச் இருக்கு. எனக்கோ அடுத்த வகுப்புக்கு நேரமாச்சு. "ஏ ஆமை! சீக்கிரம் வா, சாயங்காலம் ஆயிடும்"னு கத்திட்டேன். மைதானமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்.

அந்தப் பொண்ணு ஓட்டத்தை முடிச்சுது. நிறுத்தலை, முடிச்சுது. அதுதான் இன்னைக்கும் எனக்குக் குத்துது. அடுத்த வாரத்துல இருந்து லெட்டர். "என் மகளுக்கு வயிற்று வலி, விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்களிக்கவும்." அடுத்த வாரம் தலைவலி. அதுக்கடுத்த வாரம் காய்ச்சல். பத்தாவது முடிச்சுப் போகிற வரைக்கும் அந்தப் பிள்ளை என் மைதானத்துல கால் வைக்கலை. நானும் கேக்கலை. ஒரு பிள்ளை குறைஞ்சா ஒரு வேலை குறைஞ்சுதுன்னு இருந்துட்டேன்.

அன்னைக்கு என் கையில இருந்த ஸ்டாப்வாட்ச் பொய் சொல்லலைங்க. அது பாதியைத்தான் சொல்லுச்சு. யார் எப்ப வந்தாங்கன்னு சொல்லுச்சு. யார் எவ்வளவு பாடுபட்டாங்கன்னு சொல்லலை.

இப்ப உங்களைக் கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போகணும். அமெரிக்காவில் சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்னு ஓர் ஊர். அங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், பில் லாலர்னு பேர். 2010-ல் காலமாயிட்டார். 1990 வாக்கில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நம்ம வகுப்புல பிள்ளைங்க அதிகமா நிக்கிறாங்களா, அதிகமா ஓடறாங்களா? பார்த்தார், நிக்கிறாங்க. நான் சொன்ன அதே வேப்பமரக் கதை, அங்கே மேப்பிள் மரமோ என்னமோ. (சிரிப்பு) வாரம் ஒருநாள் எல்லாரும் ஒரு மைல் ஓடணும்னு வச்சார். உடனே பிள்ளைங்க புலம்பல்.

நெஞ்சுல ஒரு பட்டை கட்டி, கையில ஒரு கடிகாரம் கட்டினா இதயம் நிமிஷத்துக்கு எத்தனை தடவை துடிக்குதுன்னு காட்டும் கருவி இருக்கு. கம்பி இல்லாத அந்தக் கருவியை 1982-ல் பின்லாந்து நாட்டு நிறுவனம் ஒண்ணு கொண்டு வந்தது. விளையாட்டு வீரர்களுக்காக வந்த சாமான். லாலர் அதை ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கட்டி விட்டார். அந்தப் பொண்ணு விளையாட்டுல சுமார். மைல் ஓட்டத்துல மெதுவா வர்ற பிள்ளை. ஓடி முடிச்சதும் கருவியில பதிவானதை எடுத்துப் பார்க்கிறார். சராசரி 187!

187 அதிகமா, குறைச்சலான்னு வீட்டுல இருக்கிறவங்க கேப்பீங்க. உத்தேசமா ஒரு கணக்கு உண்டு. 220-ல் வயசைக் கழிச்சா இதயம் போகக்கூடிய உச்சம். 11 வயசுப் பிள்ளைக்கு 209. தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். அந்தப் பொண்ணு கோட்டைத் தாண்டறப்போ 207-ஐத் தொட்டிருக்கு! அதாவது, உயிரைக் கொடுத்து ஓடியிருக்கு. பார்க்கிறவன் கண்ணுக்கு மட்டும் அது சோம்பேறி.

லாலர் அதிர்ந்து போனார். வழக்கமா அவரும் அந்தப் பிள்ளையை அதட்டியிருப்பார்னு அவரே ஒத்துக்கிட்டார். இத்தனை வருஷமா எத்தனை பிள்ளைகளை இப்படி விரட்டி விளையாட்டையே வெறுக்க வச்சேனோன்னு நினைச்சார். அதுக்கப்புறம் மார்க் போடுகிற முறையையே மாத்தினார். எத்தனை நிமிஷத்துல வந்தேங்கறது இல்லை, உன் இதயத்துக்கு உரிய வேகத்துல எத்தனை நிமிஷம் இருந்தேங்கறதுக்கு மார்க். மெதுவா ஓடற பிள்ளையும் முழு மார்க் வாங்கலாம். வேகமா ஓடற பிள்ளையும் சோம்பல்பட்டா மாட்டிக்கும்! (கைதட்டல்)

இந்தக் கதையை ஜான் ரேட்டிங்கிற மனநல மருத்துவர் 2008-ல் வந்த தன்னுடைய 'ஸ்பார்க்' புத்தகத்துல எழுதியிருக்கார். நான் அதைப் படிச்சது கொரோனா ஊரடங்குல. அந்தப் பக்கத்துக்கு மேல என்னால புரட்ட முடியலைங்க. 2001-ல் ஒரு பொண்ணு, மூணாவது சுத்து, தனியா வந்துது பாருங்க, அதுதான் கண்ணுல நின்னுது.

அந்த நேப்பர்வில் பிள்ளைங்க 1999-ல் உலக நாடுகளோட போட்டி போட்ட தேர்வுல அறிவியல்ல முதலாவதாவும் கணக்குல ஆறாவதாவும் வந்தாங்க. இதைச் சொன்னதும் கணக்கு வாத்தியார்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்றாங்க. (சிரிப்பு) அது ஓட்டத்தால மட்டும் வந்ததுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வசதியான ஊர், படிச்ச பெத்தவங்க. ஆனா ஒண்ணு, பி.டி. பீரியடைப் பிடுங்காமலே கணக்கு வந்திருக்கு. அதை மட்டும் சொல்லிக்கறேன். (பலத்த கைதட்டல்)

நடுவர்: கணக்கு ஆசிரியர் மேல உங்களுக்கு ஏதோ பழைய பகை இருக்கு போலிருக்கே!

பகை இல்லை அய்யா, பாக்கி. அவர் எனக்கு 26 வருஷத்துப் பீரியடு பாக்கி! (பலத்த சிரிப்பு)

எதிரணியில் பேசிய பேராசிரியை அம்மா, "இதெல்லாம் மேல்நாட்டுக் கவலை, நம்ம பிள்ளைங்க நல்லாத்தான் ஓடறாங்க"ன்னாங்க. அம்மா, உலக சுகாதார நிறுவனம் சொல்றது 5-லிருந்து 17 வயசு வரைக்கும் பிள்ளைங்க தினம் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாடணும். 146 நாடுகள்ல இருந்து கணக்கெடுத்தாங்க. 2016-ஆம் வருஷத்து நிலவரப்படி, 11-லிருந்து 17 வயசுக்காரங்கள்ல நூத்துக்கு 81 பேர் அந்த அளவைத் தொடலை. ஆம்பிளைப் பிள்ளைங்க 78, பொம்பளைப் பிள்ளைங்க 85. இந்தியாவும் அந்தக் கணக்குல இருக்கு. நூத்துக்கு 81 பேர் உட்கார்ந்திருக்காங்கன்னா அது சோம்பேறித்தனம் இல்லைங்க. விளையாட்டுல தனக்கு இடம் இல்லைன்னு நினைக்கிற கூட்டம். அந்தக் கூட்டத்தை இத்தனை வருஷமா எங்க விசில் கூப்பிட்டுப் பார்த்தாச்சு. வரலை.

இப்ப உங்க கேள்வி புரியுது. "வாத்தியாரே, நேப்பர்வில்ல ஆளுக்கொரு கருவி இருக்கும். உன் பள்ளிக்கூடத்துல பந்துக்கே காத்து இல்லை. கருவிக்கு எங்கே போவே?" சரியான கேள்வி. நான் எங்கே போனேன் தெரியுமா? என் வீட்டு மேசை டிராயருக்குப் போனேன்!

கொரோனா சமயத்துல விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? ஒரு நாளைக்குப் பத்து தடவை மாட்டி, 98 வந்தா காபி குடிச்சோம், 96 வந்தா உயில் எழுத உட்கார்ந்தோம். (சிரிப்பு) இன்னைக்கு அது எங்க கிடக்கு? பழைய சாவி, தீர்ந்துபோன பேட்டரி, கல்யாணப் பத்திரிகை, அதுக்கடியில கிடக்கு. அதுல ஆக்சிஜனுக்குப் பக்கத்துலயே இன்னொரு எண் காட்டுமே, அதுதான் நாடித்துடிப்பு. அந்தப் பக்கம் நாம திரும்பியே பார்க்கலை.

2022-ல் பள்ளிக்கூடம் முழுசாத் திறந்ததும் அதை எடுத்துட்டுப் போனேன். ஓடிக்கிட்டே பார்க்க முடியாது, விரல் ஆடினா தப்பாக் காட்டும். நகப்பூச்சு இருந்தாலும் சில சமயம் தப்பாக் காட்டும். ஓடி முடிச்ச உடனே நிக்க வச்சுப் பார்க்கணும். தாமதிச்சா துடிப்பு இறங்கிடும். ஒரு கருவி, 50 பிள்ளைங்க, எப்படி முடியும்? அதனால கருவியை ஆசானா வச்சுக்கிட்டோம். பிள்ளைகளுக்குக் கழுத்துல நாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். என் செல்போன்ல 10 செகண்டுக்கு மணி. அடிச்சதும் எண்ண ஆரம்பிக்கணும், மறுபடி அடிச்சா நிறுத்தணும், ஆறால பெருக்கணும். சரியா எண்ணினாங்களான்னு கருவியில ஒத்துப் பார்ப்போம். ஆறாம் வாய்ப்பாடு எங்க பள்ளியில மைதானத்துலதான் மனப்பாடம் ஆச்சு. கணக்கு வாத்தியாரே வந்து கையைக் குலுக்கினார்! (கைதட்டல்)

முதல் வாரம். முதல்ல வந்த பொண்ணு எண்ணினது 27. ஆறால பெருக்கினா 162. கடைசியா வந்த பொண்ணு 31. பெருக்கினா 186. ரெண்டு பேர் விரல்லயும் கருவியை மாட்டினேன். கிட்டத்தட்ட அதேதான். ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வச்சு, "இதுல யார் அதிகமா உழைச்சிருக்காங்க?"ன்னு வகுப்பைக் கேட்டேன். சத்தமே இல்லை. முதல்ல வந்த பொண்ணு மெதுவா, "அப்ப நான் இன்னும் ஓடலாமா சார்?"னு கேட்டுது. கடைசியா வந்த பொண்ணு ஒண்ணும் பேசலை. கழுத்துல வச்ச விரலை எடுக்காம, தன்னோட நாடியைத் தானே கேட்டுக்கிட்டு நின்னுது.

அந்தப் பொண்ணு பெரிய வீராங்கனை ஆயிடுச்சு, பி.டி. உஷா ஆயிடுச்சுன்னு நான் கதை விடமாட்டேங்க. இன்னைக்கும் கடைசியாத்தான் வருது. ஆனா 600 மீட்டருக்கு 4 நிமிஷம் 10 செகண்டு எடுத்த பிள்ளை, வருஷக் கடைசியில 3 நிமிஷம் 40. லெட்டர் கொடுக்கலை. ஒரு வாரம்கூட லெட்டர் கொடுக்கலை. (கைதட்டல்)

அப்புறம் இந்த வீடியோ. நீளம் தாண்டுதல்ல பையன் கோட்டை மிதிச்சுட்டுத்தான் தாண்டுவான். "மிதிச்சுட்டேடா"ன்னா "இல்ல சார்"பான். நான் நூறு தடவை சொன்னாலும் "இல்ல சார்". செல்போன்ல மெதுவா ஓடற வீடியோவா எடுத்து, அங்கேயே காட்டினேன். தன் காலைத் தானே பார்த்தான். "அடச்சே"ன்னான். அடுத்த தாண்டல்ல ஓட்டத்தை ஒரு அடி பின்னால இருந்து ஆரம்பிச்சான். நான் ஒரு வார்த்தை பேசலை. பெரிய வீரர்களுக்கு மட்டும் இருந்த வசதி அது. இன்னைக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையனுக்குக் கிடைக்குது.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2019-ல் கேலோ இந்தியா செயலி வந்தது. 50 மீட்டர், 600 மீட்டர், உட்கார்ந்து கையை நீட்டித் தொடறது, தண்டால்னு ஒவ்வொரு பிள்ளைக்கும் அளந்து பதியலாம். முன்னாடியெல்லாம் என் கையெழுத்து நோட்டு. மழையில நனைஞ்சுதுன்னா எல்லாரும் சமம்! (சிரிப்பு) இப்ப ஒரு பிள்ளை போன வருஷத்துத் தன்னோட தானே ஓடலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையோட ஓட வேண்டியதில்லை. இதை வீட்டுல இருக்கிற அம்மாமார்களும் கொஞ்சம் காதுல வாங்கிக்கணும். (கைதட்டல்)

எதிரணியில் சொன்னதுல எனக்கு உடன்பாடானதும் இருக்கு. மறைக்க மாட்டேன். வெறும் மோகம் நிக்காதுன்னாங்க. உண்மைதான். 2016-ல் போக்கிமான் கோன்னு ஒரு செல்போன் விளையாட்டு வந்தது. போனைப் பிடிச்சுக்கிட்டு உலகமே தெருத்தெருவா நடந்துது. அமெரிக்காவில் பெரியவங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. முதல் வாரம் நாளைக்கு ஒரு 955 காலடி கூடுதலா நடந்திருக்காங்க. ஆறாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி! அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துல, திரையைப் பார்த்துக் கால் வச்சு ஆடற ஜப்பான் நடன விளையாட்டை 765 அரசுப் பள்ளிக்கும் கொண்டு போறதா 2006-ல் அறிவிச்சாங்க. பந்துன்னா ஓடற பிள்ளைகூட ஆடுச்சு. நல்லதுதான். ஆனா பெட்டியை வச்சுட்டு வாத்தியார் டீ குடிக்கப் போயிட்டா அது நிக்காது. எந்தக் கருவியும் நிக்காது.

பிள்ளைங்க ஏமாத்துவாங்கன்னாங்க. ஆமாம், ஏமாத்துவாங்க! அப்பாவே ஏமாத்தறார்! மருத்துவர் 10,000 காலடி நடக்கச் சொன்னார்னு கைக்கடிகாரம் வாங்கின ஒருத்தர், சோபாவில படுத்துக்கிட்டு கையை மட்டும் ஆட்டறார். சம்சாரம் கேட்டா "வாக்கிங்ல இருக்கேன்"கிறார். (பலத்த சிரிப்பு) அந்த 10,000 கணக்கே வேடிக்கைதான். 1965-ல் ஜப்பான்ல ஒரு கம்பெனி காலடி எண்ணும் கருவி வித்தது. அதுக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்'னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வச்சாங்க. மருந்துச்சீட்டுல வந்த எண் இல்லை, பெட்டி மேல வந்த எண்! அதனாலதான் நான் காலடி எண்ண மாட்டேன். கபடியில காலைப் பிடிச்சுத் தொங்கறவன் ஒரு அடியும் வைக்கலை, ஆனா அவன் இதயம் தாளம் போடுது. கடிகாரம் அவனைத் தூங்கறான்னு எழுதும். (சிரிப்பு)

ஊரடங்குல நான் பட்டதை எதிரணி மறந்துட்டாங்க, நானே எடுத்துக் கொடுக்கறேன். செல்போன்ல பி.டி. வகுப்பு எடுத்தேன். "குதிங்கடா"ன்னா ஒருத்தன் தலை மட்டும் திரையில மேலயும் கீழயும் போகுது. நல்லாக் குதிக்கிறான்னு பார்த்தா, உட்கார்ந்த இடத்துல போனை ஆட்டறான்! (சிரிப்பு) அன்னைக்கே புரிஞ்சுபோச்சு, மைதானம் இல்லாத கருவி வெறும் பொம்மை.

பேராசிரியை அம்மாவுடைய கடைசிக் குற்றச்சாட்டு கனமானது. பிள்ளை கையில போனைக் கொடுத்தா அது திரும்ப வராதுன்னாங்க. பெண்பிள்ளைகளை வீடியோ எடுக்கறது சரியான்னு கேட்டாங்க. அம்மா, என் மைதானத்துல போன் பிள்ளை கைக்குப் போகாது. என் கையில இருக்கும், 40 நிமிஷத்துல 2 நிமிஷம் வெளியே வரும். பெத்தவங்க சம்மதிக்காத பிள்ளையை எடுக்கறதில்லை. எடுத்ததை அந்தப் பிள்ளைக்கே காட்டிட்டு அங்கேயே அழிச்சுடுவேன். துடிப்புக் கணக்கை எழுதிச் சுவர்ல ஒட்ட மாட்டேன். ஒட்டினா அதுவும் இன்னொரு ராங்க் கார்டு ஆயிடும், அன்னைக்கு நான் கத்தின 'ஆமை'யை இன்னைக்குக் காகிதத்துல அச்சடிச்ச மாதிரி ஆயிடும். மயக்கம் வருது, நெஞ்சு வலிக்குதுன்னா எண்ணைப் பார்க்கறதே இல்லை, நிறுத்திட்டு டாக்டர்கிட்டதான். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்யணும்தான். கேஸ் அடுப்பு வந்தப்பவும் பயந்தோம். மூடத் தெரிஞ்சுக்கிட்டோம், சமைக்கிறோம்.

(மணி ஒலிக்கிறது.)

நடுவர்: வாத்தியாரே, ரெண்டு விசில் ஆச்சு!

ஒரே நிமிஷம் அய்யா. பாக்கிக் கதை ஒண்ணு இருக்கு.

2023 ஜூன். ஆறாம் வகுப்பு சேர்க்கை. ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கிட்டு மைதானத்துப் பக்கம் வந்தாங்க. "சார், என்னைத் தெரியுதா?"ன்னாங்க. எனக்குத் தெரியலை. ஆயிரக்கணக்குல பிள்ளைங்க. அவங்களே சொன்னாங்க. "இவளும் என்னை மாதிரிதான் சார், மெதுவாத்தான் ஓடுவா. இவளை ஆமைன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

22 வருஷம் ஆச்சுங்க. பாடம் மறந்திருக்கும், மார்க் மறந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை மறக்கலை.

என்னால பேச முடியலை. அந்தச் சின்னப் பொண்ணை ஒரு சுத்து ஓடிட்டு வரச் சொன்னேன். வந்துது. கழுத்துல விரலை வைக்கச் சொல்லி, 10 செகண்டு, எண்ணினோம். 30. ஆறால பெருக்கச் சொன்னேன். பிள்ளை விரல் விட்டு எண்ணி, 180-ன்னு சொல்லுச்சு. அதோட அம்மாகிட்ட, உங்க பொண்ணு நல்லா உழைச்சு ஓடியிருக்காம்மான்னு அந்தக் கணக்கை விளக்கினேன். அவங்க மகளையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க.

"அன்னைக்கு எனக்கு எவ்வளவு இருந்திருக்கும் சார்?"

என்கிட்ட பதில் இல்லை. நடுவர் அவர்களே, அன்னைக்கு அதை எண்ணிப் பார்க்க அந்த மைதானத்துல யாரும் இல்லை.

(நீண்ட கைதட்டல்)